கோடைகாலப் பல்கலைக்கழக வகுப்புக்களும் ஆசிரியர் வேதனமும்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை நிறுவியோரையும், கட்டடங்களையும், பாடத்திட்டங்களையும், புகழ்பெற்ற பட்டதாரிகளையும் பற்றி விரித்துரைப்பர். விடுமுறைக் காலத்தைப் பற்றி அவர்கள் பேசுவது அரிது. ஆயின் ஒரு கல்வி நிலையம் தன் ஆசிரியரின் உழைப்பை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அதன் கணக்கேட்டில் விடுமுறை மாதங்களுக்குரிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் நன்று. ஒன்பது மாதக் கற்பித்தலுக்கென ஆண்டுச் சம்பளம் பெறும் பேராசிரியர் பத்தாம் மாதத்திலும் கற்பிப்பாராயின், அம்மாதத்துக்குரிய வேதனம் எங்கிருந்து வருதல் வேண்டும்? மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்தா, வள்ளல்களின் கொடையிலிருந்தா, அரசாங்கத்தின் பொதுநிதியிலிருந்தா? அன்றி, முன்னரே பெற்ற சம்பளத்துள் அதுவும் அடங்குமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கூறி வந்துள்ளன. அவற்றுள் ஒன்றேனும் முற்றாக நிலைத்ததில்லை.

கோடைகால நீண்ட விடுமுறை கல்லூரிகளுடன் உடன்பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ இங்கிலாந்துக் கல்லூரிகள் பலவற்றில் மாரிகாலத்திலேயே நீண்ட விடுமுறை விடப்பட்டது. வறிய மாணவர் கிராமப் பாடசாலைகளுக்குச் சென்று சில வாரம் கற்பித்து, அதனாற் கிடைத்த பணத்தைக் கொண்டு தம் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தும்பொருட்டே அவ்வொழுங்கு ஏற்பட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அவ்விடுமுறை படிப்படியாகக் கோடைக்கு இடம்பெயர்ந்தது. கோடை விடுமுறை உழவுத் தொழிலை முன்னிட்டு ஏற்பட்டது என்று பலரும் கூறுவர். கல்லூரிகளைப் பொறுத்தமட்டில் அக்கூற்று உண்மையாகாது. விடுமுறைக்கும் ஆசிரியத் தொழிலின் வருவாய்க்கும் தொடக்கத்திலிருந்தே தொடர்பு இருந்தது என்பதே உண்மை.

கோடையிற் கற்பிக்கும் வழக்கம் முதலில் தனியார் முயற்சியாகவே தோன்றிற்று. வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராயிருந்த யோன் மைனர் 1870-ஆம் ஆண்டுக் கோடையிற் சட்டவகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், 1871-ல், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஏசா கிறே என்னும் தாவரவியல் அறிஞரின் தலைமையிற் பாடசாலை ஆசிரியர்க்கென ஒரு வகுப்பு நடைபெற்றது. ஹாவாட் கோடைப் பாடசாலை தன் பிறந்த ஆண்டாகக் கொள்வது இதனையே. 1875-ல் நதானியல் சேலர் என்னும் புவிச்சரிதவியலாளர் மாணவரைக் கம்பர்லாந்துக் கணவாய்க்கு அழைத்துச் சென்று, கூடாரமடித்துப் பாறைகளின் நடுவே பாடம் நடத்தினார். ஆசிரியரின் ஆர்வமும் அவரை நாடி வந்த மாணவரின் விருப்பமுமே இவ்வகுப்புக்களின் உண்மையான மூலதனம். பல்கலைக்கழகம் தன் பெயரையும் கட்டடத்தையும் உதவியது. அதற்கு மேல் அதிகம் உதவியதாகச் சொல்வதற்கில்லை.

வள்ளலின் கொடையை மட்டும் நம்பிய முயற்சி ஒன்றின் கதையும் இவ்விடத்திற் கூறத்தக்கது. மசச்சூசெற்ஸ் கரையோரத்திலுள்ள பெனிக்கீஸ் என்னும் சிறு தீவில், 1873-ஆம் ஆண்டு லூயி அகாசி என்னும் பேரறிஞர் இயற்கை வரலாற்றுப் பாடசாலை ஒன்றை நிறுவினார். யோன் அண்டர்சன் என்னும் நியூயோர்க் வணிகர் தம் தீவையும் அதனுடன் 50,000 டொலரையும் கொடையாக வழங்கினார். நூல்களைப் படிப்பதை விட்டு இயற்கையையே படிக்குமாறு அகாசி கற்பித்த அக்கோடையில் ஏறக்குறைய ஐம்பது பேர் அங்குப் பயின்றனர். பின்னாளில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் முதற் தலைவரான டேவிட் ஸ்ரார் யோடன் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் அகாசி காலமானார். அவருடைய மகன் அலெக்சாந்தர் 1874-ல் இரண்டாங் கோடையையும் நடத்தினார். அத்துடன் நிதி வற்றிப் பாடசாலை மூடப்பட்டது. கொடை ஒருமுறை வருவது. வேதனமோ ஆண்டுதோறும் வேண்டப்படுவது. இவ்வேறுபாட்டைப் பெனிக்கீஸ் தீவு இரண்டே கோடைகளிற் காட்டிவிட்டது.

1874-ல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள சற்றோக்குவா ஏரிக்கரையில், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கெனத் தொடங்கப்பட்ட கூட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. யோன் வின்சன்ற் என்னும் சமயகுருவும் லூயிஸ் மில்லர் என்னும் தொழிலதிபரும் அதனை ஆரம்பித்தனர். உள்ளே வருவோர் யாவரும் வாயிலிற் கட்டணம் செலுத்தினர். சமயப் போதனையிலிருந்து மொழி, இலக்கியம், அறிவியல், இசை என அதன் பாடங்கள் விரிந்தன. குடும்பத்துடன் வந்து தங்கி, காலையிற் கிரேக்கம் பயின்று, மாலையில் ஏரியில் நீராடிச் செல்லும் ஒரு புதுவகைக் கல்வி அங்கே உருவாயிற்று. இச் சற்றோக்குவாவின் கலைக்கல்லூரிக்கு அதிபராயிருந்தவர் வில்லியம் றெயினி ஹார்ப்பர் என்னும் எபிரேய மொழி அறிஞர். கோடைக் கல்வியின் வரலாற்றில் நடுநாயகமாக விளங்குபவர் இவரே.

ஹார்ப்பர் 1856-ல் ஒஹாயோ மாநிலத்திற் பிறந்தவர். பதினெட்டாம் வயதில் யேல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1881-ல் சிக்காகோ நகரின் அயலிலுள்ள மோர்கன் பாக்கில் எபிரேய மொழிக்கெனக் கோடைப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் சற்றோக்குவாவிற் பல கோடைகளைக் கழித்தார். கோடையில் மனிதமூளை உறங்குவதில்லை என்பதை நேரிற் கண்டறிந்தவர் அவர். யோன் டி. றொக்பெல்லர், பிறர் 400,000 டொலர் திரட்டவேண்டும் என்ற நிபந்தனையுடன் 1889-ல் 600,000 டொலர் தர உடன்பட்டு, அடுத்த ஆண்டில் மேலும் பத்து இலட்சம் டொலர் வழங்கியதனாற் சிக்காகோப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஹார்ப்பர் அதன் முதற் தலைவராயினார். 1892 அக்டோபர் முதலாந் திகதி வகுப்புக்கள் தொடங்கின.

ஹார்ப்பர் ஆண்டை நான்கு சம தவணைகளாகப் பகுத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு வாரம் கொண்டது. கோடைத் தவணை பிற தவணைகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அதே பாடங்கள், அதே பேராசிரியர், அதே தராதரம் என்பது அவர் வகுத்த விதி. பெருஞ்செலவிற் கட்டப்பெற்ற மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் ஆண்டிற் காற்பங்கு பூட்டிக் கிடப்பது வீண் என்று அவர் கருதினார். உலகப் பொருட்காட்சி நடைபெற்ற 1893-ஆம் ஆண்டுக் கோடை கழிந்தபின், 1894-ல் முதலாவது கோடைத் தவணை நடைபெற்றது.

இத்திட்டத்தில் ஆசிரியர் வேதனம் பற்றிய ஒழுங்கே மிகக் கூர்மையானது. பேராசிரியர் ஆண்டில் மூன்று தவணை கற்பித்தல் வேண்டும். நான்காவது தவணை அவருக்கு ஓய்வு. எத்தவணையை ஓய்வாகக் கொள்வது என்பதை அவர் தெரிவுசெய்யலாம். ஆகவே கோடையிற் கற்பித்து மாரியில் ஓய்வு பெறுபவர் ஐரோப்பிய நூலகங்கள் சுறுசுறுப்பாக இயங்கும் காலத்தில் அங்குச் செல்ல இயலும். நான்கு தவணையும் கற்பித்தாலோ, மேலதிகமான தவணைக்கு வேறாகப் பணம் பெறலாம். அன்றேல் அதனைச் சேமித்து வைத்துப் பின்னர்ச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகப் பெறலாம். கணக்கு எளியது. மூன்றாண்டு தொடர்ந்து நான்கு தவணையும் கற்பித்தவருக்கு மூன்று தவணை மிச்சமாகும். நான்காம் ஆண்டில் அவர் செய்யவேண்டிய கடமையும் மூன்று தவணையே. ஆதலால் அவ்வாண்டு முழுவதும் அவர் வகுப்பறைப் பக்கம் காலெடுத்து வையாமலே முழுச் சம்பளம் பெறுவார்.

இவ்வொழுங்கிற் கோடை உழைப்பு என்பது தனிக்கூலியன்று, ஆண்டுக்கடமையின் ஒரு கூறு. ஓர் ஆசிரியரின் சூன் மாதமும் சனவரி மாதமும் ஒரே விலை உடையன என்று ஒரு பல்கலைக்கழகம் தன் சட்டத்தில் எழுதிவைத்தமை அதற்கு முன் அமெரிக்காவிற் காணப்படாதது. தலைமைப் பேராசிரியர்க்கு ஆண்டுக்கு 7,000 டொலர் என ஹார்ப்பர் வகுத்த சம்பளத்தைப் பிற பல்கலைக்கழகங்கள் வியப்புடன் நோக்கின. ஆயின் சம்பளத்தினும் இந்தச் சேமிப்பு ஒழுங்கே அறிஞர் பலரின் உள்ளத்தைக் கவர்ந்திருத்தல் கூடும். சம்பளம் செலவாகிப் போவது. ஓராண்டு ஓய்வு ஒரு நூலாக மாறக்கூடியது.

இதற்கு ஆன செலவை எவர் பொறுத்தார்? மாணவர் கட்டணம் ஒரு பங்கைக் கொடுத்தது. எஞ்சியதைக் கொடுத்தவர் றொக்பெல்லர். ஆண்டுதோறும் வரவுக்கு மிஞ்சிச் செலவுசெய்தல் ஹார்ப்பரின் வழக்கம். பற்றாக்குறையைத் தம் சொந்தப் பணத்தால் நிரப்புதல் றொக்பெல்லரின் வழக்கமாயிற்று. 1903-ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய பிரதிநிதிகள் இனிமேற் பற்றாக்குறை கூடாது என்று கண்டிப்பாகக் கூறினர். புற்றுநோய்வாய்ப்பட்ட ஹார்ப்பர் 1906 சனவரியிற் காலமானார். நாற்றவணைத் திட்டம் சிக்காகோவில் நிலைபெற்றது. ஆயினும் அத்தகைய ஒரு வள்ளலைப் பெறாத பல்கலைக்கழகங்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

ஆகவே பெரும்பாலானவை வேறு வழியிற் சென்றன. கோடை வகுப்பைத் தனியான ஓர் அமர்வாக அமைத்து, அதற்குத் தனிக் கணக்கேடும் தனிப் பணிப்பாளரும் வைத்தன. தன் செலவைத் தானே ஈட்டவேண்டும் என்பது அவ்வமர்வுக்கு இடப்பட்ட கட்டளை. கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1900-ல் இத்தகைய கோடை அமர்வைத் தொடங்கிற்று. 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே கோடையிற் பதிவுசெய்தோர் தொகை பதினாயிரத்தைக் கடந்தது. விஸ்கொன்சின், கலிபோர்ணியா முதலிய மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அங்கே கற்பித்த பேராசிரியர் தம் ஆண்டுச் சம்பளத்துக்குப் புறம்பாக ஆறு வாரத்துக்கென ஒரு தொகை பெற்றார். மாணவர் மிகுந்தால் அமர்வு நிலைபெறும். குறைந்தால் பாடம் கைவிடப்படும்.

இப்பெருங் கூட்டமாக வந்து குவிந்த மாணவர் யாவர்? அவர்களுட் பெரும்பகுதியினர் பாடசாலை ஆசிரியர். அவர்களிலும் பெண்களே அதிகம். சான்றிதழைப் புதுப்பிக்கவும், பட்டம் பெறவும், சம்பளப் படியில் ஒருபடி மேலேறவும் அவர்கள் வந்தனர். அவர்களுட் பலர் பாடசாலை நடைபெறும் மாதங்களுக்கு மட்டுமே சம்பளம் பெற்றவர். கோடையில் அவர்களுக்கு வருவாய் இல்லை. அவர்கள் முன் நின்று கற்பித்த பேராசிரியரும் ஒன்பது மாதச் சம்பளம் முடிந்தபின், அக்கோடையைக் கடத்துவதற்காகவே அவ்வகுப்பை ஏற்றவராக இருந்தார். சம்பளமற்ற ஓராசிரியர் தம் சேமிப்பைக் கொடுக்க, சம்பளமற்ற மற்றோராசிரியர் அதனை வாங்கிக்கொண்டார். இடைநின்ற பல்கலைக்கழகத்துக்கு நட்டமில்லை. கோடை அமர்வின் வளர்ச்சியைப் புகழ்ந்தெழுதிய அறிக்கைகளில் இந்த உண்மை போதிய இடம் பெறுவதில்லை.

இப்பொது விதிக்குப் புறம்பான நிகழ்ச்சிகளும் உள. 1900-ஆம் ஆண்டு, அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த கியூபாவிலிருந்து ஏறக்குறைய 1,300 பாடசாலை ஆசிரியர் ஹாவாட் கோடைப் பாடசாலைக்கு அழைக்கப்பட்டனர். தலைவர் சாள்ஸ் எலியட் அதற்கென மக்களிடம் சுமார் 70,000 டொலர் திரட்டினார். இராணுவக் கப்பல்கள் அவர்களை ஏற்றி வந்தன. கேம்பிறிட்ச் நகரின் வீடுகளும் மாணவர் விடுதிகளும் அவர்களுக்கு உறைவிடமாயின. கற்போர் ஒரு சதமும் செலுத்தாது ஆறு வாரம் பயின்றனர். இதில் அரசியல் நோக்கம் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அக்காலத்தில் இத்தகைய செலவைப் பொதுமக்கள் ஏற்றமை குறிப்பிடத்தக்கது.

தென் மாநிலங்களின் கதை வேறு. 1902-ல் தென்னெசி மாநிலத்து நொக்ஸ்வில் நகரில் பிலாண்டர் கிளாக்ஸ்ரன் நடத்திய கோடைப் பாடசாலைக்கு வடபகுதிச் செல்வர் நிறுவிய கல்விச் சபைகளின் உதவி கிடைத்தது. ஆனால் அது வெள்ளையருக்கே உரியது. கறுப்பின ஆசிரியர் மேற்படிப்புப் பெறத் தம் மாநிலப் பல்கலைக்கழகங்களிற் புகமுடியாது. ஆதலால் அவர்களுட் பலர் கோடைதோறும் நீண்டதூரம் பிரயாணஞ் செய்து கொலம்பியாவிலும் சிக்காகோவிலும் பயின்றனர். மிசூரி முதலிய சில மாநிலங்கள் அத்தகையோர் வெளிமாநிலத்திற் செலுத்தவேண்டிய கட்டணத்தைத் தாமே கொடுக்கச் சட்டமியற்றின. நீதியைக் கொடுப்பதிலும் பயணக் கட்டணம் கொடுப்பது மலிவு என அவை கருதின போலும். 1938-ல் அமெரிக்க உயர்நீதிமன்றம் கெயின்ஸ் வழக்கில், இவ்வாறு வெளியே அனுப்பிவைத்தல் சமவுரிமை வழங்குதலாகாது என்று தீர்ப்பளித்தது. எனினும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை.

கோடை வேதனத்தைக் கணிக்கும் முறைகள் பல. பதவியை மட்டும் நோக்கி, பேராசிரியர்க்கு இவ்வளவு, விரிவுரையாளர்க்கு இவ்வளவு என நிலையான தொகை கொடுப்பது ஒன்று. ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு இத்தனை எனப் பாடந்தோறும் கணித்து, அதற்கு ஓர் உச்ச எல்லை வைப்பது மற்றொன்று. மாணவர் தொகை குறையுமிடத்து வேதனத்தையும் அதே வீதத்திற் குறைப்பது பிறிதொன்று. கடைசியிற் கூறிய முறையில், பல்கலைக்கழகம் தாங்கவேண்டிய வியாபார அபாயம் ஆசிரியர் தோளுக்கு மாற்றப்படுகின்றது. முதலிரண்டிலும் அவ்வபாயம் வேறு உருவில் உண்டு. குறித்த தொகையினர் சேராவிடின் பாடமே நிறுத்தப்படும். பாடத்திட்டம் எழுதி, நூல்களைத் தெரிந்து, வேறு வேலையை மறுத்துக் காத்திருந்தவருக்கு முதல்நாள் மாலையில் ஒரு கடிதம் மட்டும் கிடைக்கும். இவ்வகையிற் பெரிதும் துன்பப்படுபவர் இளம் விரிவுரையாளரே. புகழ்பெற்ற பேராசிரியரின் வகுப்பு எப்பொழுதும் நிறைந்திருக்கும்.

சிக்காகோவில் இவ்வினாவை வேரோடு களைய ஒரு முயற்சி நடந்தது. தலைவர் றொபேட் ஹச்சின்ஸ் 1944-ல் புதியதோர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். அதன்படி ஆசிரியர் நான்கு தவணையும் பல்கலைக்கழகத்துக்கே உரியவர்; அவருக்கு ஆண்டு முழுவதற்கும் உயர்ந்த சம்பளம் வழங்கப்படும். அதற்கு ஈடாக நூலுரிமைப் பணம், விரிவுரைக் கட்டணம், ஆலோசனைக் கூலி ஆகிய வெளிவருவாய் முழுவதையும் அவர் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். கொள்கையளவில் இது துறவியர் மடத்தை ஒத்த தூய ஏற்பாடு. நடைமுறையிலோ, நூல்கள் நன்கு விலைபோகும் அறிஞருக்கு அது கசந்தது. 1951-ல் ஹச்சின்ஸ் பதவி நீங்கியபின் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

இதற்கிடையிற் போர் வந்தது. 1943 சூலையில் அமெரிக்கக் கடற்படை 131 கல்லூரிகளில் அதிகாரிகளைப் பயிற்றத் தொடங்கியபொழுது, ஆண்டு முழுவதும் இடையீடின்றி மூன்று தவணையாக வகுப்புக்கள் நடைபெற்றன. கோடை விடுமுறை என்பது சில காலம் மறைந்தே போயிற்று. 1944-ஆம் ஆண்டுச் சட்டம், போரிலிருந்து மீண்டோருக்கு ஒரு கல்வியாண்டுக்கு 500 டொலர் வரை கட்டணமும், வாழ்க்கைச் செலவுக்கு உதவியும் வழங்கிற்று. இழந்த ஆண்டுகளை ஈடுசெய்ய விரைந்த அம்மாணவர் கோடையிலும் வகுப்புக்களை நிரப்பினர். கோடைக் கல்விக்குக் கூட்டாட்சி அரசாங்கத்தின் பணம் பெருவெள்ளமாக வந்தது அப்போதே.

அடுத்த அலை அறிவியலிலிருந்து எழுந்தது. 1950-ல் நிறுவப்பட்ட தேசிய விஞ்ஞான மன்றம் 1953-ல் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் கணித ஆசிரியர்க்கெனக் கோடை வகுப்பு ஒன்றுக்கு நிதி உதவியது. 1957-ல் சோவியத் நாடு செயற்கைக் கோளை விண்ணிற் செலுத்தியபின் இவ்வகுப்புக்கள் நாடெங்கும் பெருகின. இங்கே பழைய உறவு தலைகீழாயிற்று. பயில வந்த உயர்தரப் பாடசாலை ஆசிரியர் கட்டணம் செலுத்தவில்லை. அவருக்கு வாரத்துக்கு 75 டொலரும், அவரை நம்பிவாழ்வோர் ஒவ்வொருவருக்கும் 15 டொலரும், பயணச் செலவும் வழங்கப்பட்டன. கற்பித்த பேராசிரியரின் வேதனத்தையும் அரசாங்க மானியமே தாங்கிற்று. ஐம்பது ஆண்டுகளாகத் தம் சேமிப்பைச் செலவிட்டுக் கோடையிற் படித்துவந்த ஆசிரியர் வர்க்கத்துக்கு இது நீண்டகாலம் தாமதித்துக் கிடைத்த நீதி எனலாம்.

ஆயின் அதே மன்றத்தின் ஆராய்ச்சி மானியங்கள் பல்கலைக்கழகத்தினுள்ளே புதியதொரு பிளவை உண்டாக்கின. ஆராய்ச்சியில் ஈடுபடும் பேராசிரியர் கோடைக்கென மானியத்திலிருந்து பெறக்கூடிய தொகை, அவரது ஒன்பது மாதச் சம்பளத்தில் ஒன்பதில் இரண்டு பங்கு என வரையறுக்கப்பட்டது. 9,000 டொலர் பெறுபவருக்கு இது 2,000 டொலராகும். அதாவது கோடை மாதம் பிற மாதத்துக்குச் சமமாகவே மதிக்கப்பட்டது. ஹார்ப்பரின் கொள்கை அரசாங்கத்தின் கணக்கு விதியாக மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அது ஆராய்ச்சிக்கு மட்டுமே. அடுத்த கட்டடத்திற் கிரேக்கமோ வரலாறோ கற்பிக்கும் பேராசிரியர், கோடைக்கு வேண்டிய பணத்தைப் பாடக் கட்டணத்தின் மூலமே தேடவேண்டியிருந்தது; பலவிடங்களில் அவ்வேதனம் மாதச் சம்பளத்தின் வீதத்துக்கு மிகக் குறைந்தது. கற்பித்தலுக்கு ஒரு விலை, ஆராய்தலுக்கு வேறு விலை என்னும் வழக்கம் இவ்வாறு கோடையில் வேரூன்றியது. அறிவியல் அறிஞர் பலர் கோடையில் வகுப்பறையை விட்டு ஆய்வுகூடத்துக்குச் சென்றமைக்கு அறிவுத் தாகம் மட்டும் காரணமன்று. ஒன்பதில் இரண்டு என்ற அவ்விதியை 2009-ல் அம்மன்றம் மாற்றி, ஆண்டில் எவ்விரு மாதங்களுக்குரிய சம்பளமும் மானியத்திலிருந்து பெறலாம் என்றாக்கிற்று.

1958-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மொழிகளுக்கும் இத்தகைய உதவியை விரித்தது. அமெரிக்காவிற் குறைவாகக் கற்பிக்கப்பட்ட ஆசிய, ஆபிரிக்க மொழிகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. அம்மொழிகளுட் தமிழும் ஒன்று. நான்கைந்து பேர் மட்டும் பயிலும் தமிழ் வகுப்பு, மாணவர் கட்டணத்தால் தன்னைத் தானே தாங்குவதென்பது இயலாத காரியம். தன் செலவைத் தானே ஈட்டவேண்டும் என்ற விதி மட்டும் ஆண்டிருந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதிலும் கோடையிற் தமிழ் ஒலித்திராது. இந்தியாவிலும் இதனை ஒத்த முயற்சி ஒன்று அக்காலத்தில் நிகழ்ந்தது. பூனாவிலுள்ள டெக்கான் கல்லூரி, அறிஞர் எஸ். எம். கத்ரேயின் தலைமையில், றொக்பெல்லர் நிறுவனத்தின் நிதியுதவி கொண்டு 1955 முதல் மொழியியற் கோடைப் பள்ளிகளை நடத்திற்று. அமெரிக்க மொழியியற் கழகம் 1928 முதல் நடத்திவந்த கோடை வகுப்புக்கள் அதற்கு முன்மாதிரி. தமிழை விளக்கமுறை மொழியியலின் வழியில் ஆராய்ந்த தலைமுறை உருவாவதில் அப்பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. சிக்காகோவிற் கோடைக் கல்விக்குப் பணமளித்த அதே செல்வம் பூனாவிலும் பயன்பட்டது.

மாநில அரசாங்கங்களும் இவ்வினாவை எதிர்நோக்கின. போருக்குப் பின் பிறந்தோர் கல்லூரிக்கு வந்த 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில், புதிய கட்டடங்களை எழுப்புவதைவிட உள்ளவற்றைக் கோடையிலும் பயன்படுத்தல் மேல் என்று கலிபோர்ணியா கருதியது. கிளாக் கேர் தலைவராயிருந்த காலத்தில், 1966-ல் அம்மாநிலப் பல்கலைக்கழகம் நாற்றவணை முறைக்கு மாறிற்று. 1967-ல் பெர்க்கிலியில் மாநில நிதியுடன் கோடைத் தவணை நடைபெற்றது. சில ஆண்டுகளுள் அந்நிதி நின்றது. கோடை வகுப்புக்கள் மீண்டும் மாணவர் கட்டணத்தையே சார்ந்தன. மூன்று தசாப்தம் கழிந்து, மாணவர் தொகை மீண்டும் பெருகியபொழுது, 2001-ல் பெர்க்கிலி, லொஸ் ஏஞ்சலிஸ், சாந்தா பார்பரா ஆகிய இடங்களிற் கோடைக்கு மாநிலம் மறுபடியும் நிதி வழங்கத் தொடங்கிற்று. இடநெருக்கடி உள்ளபொழுது கோடை ஒரு முழுத்தவணை. நெருக்கடி நீங்கியதும் அது ஒரு மேலதிக வசதி. கலிபோர்ணியாவின் வரவுசெலவுத் திட்டம் கூறிய இலக்கணம் இதுவே.

தனியார் கல்லூரியான டாட்மத் இதே கணக்கை வேறுவிதமாகச் செய்தது. 1972-ல் பெண்களை முதன்முறையாகச் சேர்க்க முன்வந்தபொழுது, ஆண்களின் தொகையைப் பெரிதுங் குறைக்காமலும், அவ்வளவு விடுதிகளைப் புதிதாகக் கட்டாமலும் எவ்வாறு இடமளிப்பது என்ற பிரச்சினை எழுந்தது. தலைவர் யோன் கெமினியின் காலத்தில் ஆண்டு முழுவதும் நான்கு தவணை நடத்தத் திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு மாணவரும் இரண்டாம் ஆண்டு முடிவிற் கோடைத் தவணை ஒன்றைக் கட்டாயமாகப் பயிலவேண்டும். அதற்கு ஈடாக வேறொரு தவணையில் வெளியே செல்லலாம். இங்கே கோடை வகுப்பு கட்டாயமானதால் மாணவர் தொகை பற்றிய ஐயம் நீங்கியது. ஐயம் நீங்கிய இடத்தில் ஆசிரியரின் கோடைப்பணி ஆண்டுக்கடமையுள் அடங்கிற்று. எண்பதாண்டுக்கு முன் ஹார்ப்பர் கண்ட வழி, அவரிடம் இருந்த வள்ளல் இல்லாமலே, இவ்வாறு வேறோரிடத்தில் நிறைவேறியது.

ஏனைய பெரும்பாலான இடங்களிற் கோடை மாணவரின் கையிருப்பே இன்றும் வகுப்பின் ஆயுளை நிர்ணயிக்கின்றது. வறிய மாணவர்க்குக் கூட்டாட்சி அரசாங்கம் வழங்கும் பெல் மானியம் முன்னர் ஓராண்டில் இரு தவணைகளுடன் முடிந்துவிட்டதால், கோடையிற் பயில அவர்களிடம் பணம் எஞ்சவில்லை. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டில் இரண்டாவது மானியம் பெற வழிசெய்தது. 2009-ல் அது நடைமுறைக்கு வந்தது. எதிர்பார்த்ததிலும் செலவு மிகுந்தது என்று கூறி 2011-ல் அதனை நிறுத்தினர். மானியம் நின்ற கோடையில் அம்மாணவர் வராதொழிந்தால், வகுப்புக்கு வேண்டிய குறைந்த தொகை நிரம்பாது. அது நிரம்பாவிடின் ஆசிரியரின் ஒப்பந்தமும் செல்லாது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் கோடைகால மானியத்தை மீண்டும் வழங்க இசைந்தது. அரைநேர மாணவராகவேனும் பதிந்திருத்தல் வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை.